பட்ட நினைவும் பண முடிவும்: கடந்த காலம் பொருளாதார நடத்தையை ஆளும் விதம்

சேமிப்பை எதில் போடுவது, வீடு வாங்க இது ஏற்ற நேரமா, அடுத்த ஆண்டு விலைவாசி எவ்வளவு ஏறும் ஆகிய கேள்விகளுக்கு மனிதர்கள் நடந்ததை வைத்துத்தான் விடை காண்கிறார்கள். நடந்தது முழுவதும் எவர் கைவசமும் இருப்பதில்லை. நினைவில் தங்கிய பகுதியே கையில் இருக்கிறது; அந்தப் பகுதியும் காலப்போக்கில் உருமாறுகிறது. ஆகவே, கடந்த காலம் பொருளாதார நடத்தையை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்கு விடை காண, இரண்டுக்கும் இடையில் நிற்கும் நினைவின் இயல்புகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பொருளியல் நெடுங்காலம் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிலிப் கேகன் 1956-இல் மிகைப் பணவீக்கம் குறித்து வெளியிட்ட ஆய்வில், மக்கள் தங்கள் எதிர்பார்ப்பை அண்மைக்கால விலையேற்றத்துக்கு ஏற்பப் படிப்படியாகத் திருத்திக்கொள்கிறார்கள் என்று கொண்டார். ஜான் மூத் 1961-இல் முன்வைத்து, 1970-களில் ராபர்ட் லூகாஸ் வளர்த்தெடுத்த பகுத்தறிவு எதிர்பார்ப்புக் கோட்பாடு, கிடைக்கும் தகவல் அனைத்தையும் மக்கள் முறையாகப் பயன்படுத்துகிறார்கள் என்றது. இரண்டுக்கும் பொதுவான அனுமானம் ஒன்று உண்டு. ஒரே புள்ளிவிவரத்தைப் பார்க்கும் இருவர் ஒரே முடிவுக்கு வருவார்கள். ஒருவர் நெருக்கடியில் வாழ்ந்து பட்டவர், மற்றவர் அதைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் வேறுபாடு வராது. கடந்த கால் நூற்றாண்டில் வந்த ஆய்வுகள் அசைத்திருப்பது இந்த அனுமானத்தைத்தான்.

நினைவின் இயல்புகள்

பொருளியலுக்குப் பயன்படும் நினைவாற்றல் ஆய்வுகள் பெரும்பாலும் உளவியலிலிருந்து வந்தவை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவாக மறந்துபோகின்றன என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. இங்கிலாந்தின் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் வேறொரு பண்பைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்கள், திரும்பச் சொல்லும்போது தங்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகளை விட்டுவிட்டார்கள் அல்லது பழக்கமானவையாக மாற்றிவிட்டார்கள். நினைவுகூர்வது என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று அதிலிருந்து தெரியவந்தது.

ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் இதை முடிவெடுத்தலோடு இணைத்தார்கள். ஒரு நிகழ்வுக்கு எடுத்துக்காட்டு எவ்வளவு எளிதாக மனத்துக்கு வருகிறதோ, அந்த அளவுக்கு அது அடிக்கடி நிகழக்கூடியது என்று மனிதர்கள் எடைபோடுகிறார்கள். கண்ணெதிரே நடந்த ஒரு வங்கி மூடல், நல்லபடியாக இயங்கும் நூறு வங்கிகளைவிட எளிதில் நினைவுக்கு வரும்.

அனுபவத்தை மனம் எப்படிச் சுருக்கி வைக்கிறது என்பதற்கு கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை நல்ல சான்று. பங்கேற்றவர்கள் ஒரு கையை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 நொடி வைத்திருந்தார்கள். மற்றொரு முறை அதே 60 நொடியோடு மேலும் 30 நொடி. அந்தக் கூடுதல் நேரத்தில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றப்பட்டது. மூன்றாம் முறைக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட சோதனையையே தேர்ந்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு சற்று இதமாக இருந்ததால் நினைவில் அது லேசானதாகப் பதிந்தது. அனுபவத்தின் உச்சமும் முடிவும் நினைவில் தங்க, அது நீடித்த கால அளவு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது.

மற்றோர் இயல்பு, நினைவு தூண்டப்பட்டு எழுகிறது என்பது. இன்றைய சூழல் எந்தப் பழைய சூழலை ஒத்திருக்கிறதோ அதுவே மேலே வருகிறது. அப்படி வரும் ஒரு நினைவு மற்ற நினைவுகளை மறைத்தும் விடுகிறது. செந்தில் முல்லைநாதன் 2002-இல் இத்தகைய நினைவைப் பொருளியல் மாதிரிக்குள் கொண்டுவந்தார். பெத்ரோ போர்தாலோ, நிக்கோலா ஜெனாயோலி, ஆந்த்ரே ஷ்லைஃபர் மூவரும் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புமையால் எழும் நினைவே ‘இயல்பு விலை’ எது என்ற உணர்வை உண்டாக்குகிறது என்றார்கள். ஊர் மாறுபவர்களிடம் இதைக் காணலாம். வாடகை மிகுந்த நகரிலிருந்து வாடகை குறைந்த நகருக்குக் குடிபெயரும் அமெரிக்கக் குடும்பங்கள், முதலில் அவ்வூர்க்காரர்களைவிட அதிக வாடகைக்கு வீடு பிடிக்கின்றன. அதே நகரில் அடுத்த வீடு மாறும்போது புதிய ஊரின் நிலவரத்துக்கு இறங்கிவிடுகின்றன. யூரி சிமன்சோனும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 2006-இல் இதைக் கண்டறிந்தார்கள். பழைய ஊரின் வாடகை நினைவு சில காலம் புதிய ஊரிலும் விலைப்பட்டியலாக வேலை செய்கிறது.

வாழ்ந்து பட்ட அனுபவம்

இத்துறையின் திருப்புமுனையாக உல்ரிக்கே மல்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகலும் 2011-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381 புள்ளியைத் தொட்டு, 1932 ஜூலையில் 41-க்கு விழுந்தது. பழைய உச்சத்தை மீண்டும் எட்ட 1954 நவம்பர் வரை ஆனது. பெருமந்தத்தைக் கண்ட தலைமுறை அதன்பின் பங்குகளைத் தொடவே அஞ்சியது என்ற பொதுப்பேச்சை, 1960 முதல் 2007 வரையிலான குடும்ப நிதிக் கணக்கெடுப்புகளைக் கொண்டு இவ்விருவரும் சோதித்தார்கள்.

தம் வாழ்நாளில் பங்குகள் குறைந்த லாபம் தந்த காலங்களைக் கண்டவர்கள், வருமானம், கல்வி, வயது ஆகியவற்றின் பாதிப்பைக் கழித்த பிறகும், பங்குகளில் குறைவாகவே முதலீடு செய்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் இளைஞர்கள் பங்குகளை ஒதுக்கினார்கள். அவர்கள் கண்டது 1970-களின் மோசமான சந்தை. அதே நேரத்தில் மூத்தவர்கள் சந்தையில் இருந்தார்கள். 1950, 60-களின் ஏற்றம் அவர்கள் நினைவில் இருந்தது. 1990-களின் முடிவில் நிலைமை தலைகீழானது. அண்மைய அனுபவத்துக்கு எடை அதிகம். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அனுபவமும் முழுவதுமாகக் கரைந்துபோவதில்லை. ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது’ என்ற பழமொழிக்கு அளவையும் கால வரம்பையும் இந்த ஆய்வு தந்தது எனலாம்.

பணவீக்கத்திலும் இதே போக்கைத்தான் இருவரும் 2016-இல் கண்டார்கள். விலைவாசி வேகமாக ஏறிய 1970-களின் இறுதியில், இளையோரின் எதிர்பார்ப்பு மூத்தோரைவிட மிக வேகமாக உயர்ந்தது. விலை நிலையாக இருந்த பழைய ஆண்டுகளின் நினைவு மூத்தோரிடம் எதிர் எடையாக இருந்தது. இளையோரிடம் அது இல்லை. பணவீக்கம் கூடும் என்று நம்பியவர்கள் நிலையான வட்டியில் கடன் வாங்குவதை விரும்பினார்கள் என்பதால், இந்த வேறுபாடு கருத்தளவில் நிற்காமல் கடன் பத்திரம் வரை சென்றது.

நிபுணர்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதக் குழு உறுப்பினர்களின் வாக்குகளை ஆராய்ந்து மல்மெண்டியர், நாகல், யான் மூவரும் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், தம் வாழ்வில் அதிகப் பணவீக்கத்தைக் கண்ட உறுப்பினர்கள் கடுமையான வட்டிக் கொள்கைக்குச் சாய்ந்தார்கள் என்று தெரிகிறது. இதற்கு ஹென்றி வாலிச் முதன்மையான எடுத்துக்காட்டு. 1914-இல் பெர்லினில் வங்கியாளர் குடும்பத்தில் பிறந்த அவர், ஒன்பது வயதில் ஜெர்மனியின் மிகைப் பணவீக்கத்தை நேரில் கண்டவர். 1974 முதல் 1986 வரை அக்குழுவில் இருந்த காலத்தில் 27 முறை பெரும்பான்மைக்கு எதிராக வாக்களித்தார். புள்ளிவிவரம் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒன்றுதான். அதைப் படித்தவர்களின் இளமைக்காலங்கள் வெவ்வேறு.

அனுபவம் எந்த வயதில் ஆழப் பதிகிறது என்பதற்கு பாவோலா ஜூலியானோவும் அந்தோனியோ ஸ்பிலிம்பெர்கோவும் 2014-இல் ஒரு விடை தந்தார்கள். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் பொருளாதார மந்தத்தைக் கண்டவர்கள், வாழ்க்கையில் வெற்றி உழைப்பைவிட அதிர்ஷ்டத்தையே சார்ந்தது என்று கருதுவதும், அரசு வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்பதை ஆதரிப்பதும் அதிகம். படிப்பு முடித்து முதல் வேலை தேடும் பருவத்தில் நாட்டின் நிலைமை எப்படி இருந்தது என்பது, நெடுநாள் நீடிக்கும் கருத்துகளாக மாறிவிடுகிறது.

கடைவீதி விலையும் கணக்குப் புத்தக விலையும்

அன்றாட நினைவில் பெரும்பங்கு பெறுவது அடிக்கடி வாங்கும் பொருள்கள். அமெரிக்கக் குடும்பங்களின் மளிகைக் கொள்முதல் தரவுகளை வைத்து டகூன்டோ, மல்மெண்டியர், ஓஸ்பினா, வெபர் நால்வரும் செய்த ஆய்வின்படி, பணவீக்கம் பற்றிய எதிர்பார்ப்பை ஒருவர் தம் செலவில் பெரும்பங்கு வகிக்கும் பொருள்களிலிருந்து உருவாக்குவதில்லை. அடிக்கடி வாங்கும் பொருள்களின் விலையிலிருந்தே உருவாக்குகிறார். விலை குறைந்ததைவிட விலை ஏறியது ஆழமாகப் பதிகிறது. பெண்கள் ஆண்களைவிட அதிகப் பணவீக்கத்தை எதிர்பார்ப்பதாகப் பல நாட்டுக் கணக்கெடுப்புகள் காட்டிவந்தன. வீட்டு மளிகையை இருவரும் சேர்ந்து வாங்கும் குடும்பங்களில் அந்த வேறுபாடு மறைந்துபோவதை இவர்களில் சிலரின் மற்றோர் ஆய்வு காட்டியது. பால் பாக்கெட்டின் விலையையும் தக்காளியின் விலையையும் யார் நாள்தோறும் பார்க்கிறார்கள் என்பதே காரணம்.

இந்திய ரிசர்வ் வங்கி 2005 முதல் நடத்திவரும் குடும்பங்களின் பணவீக்க எதிர்பார்ப்புக் கணக்கெடுப்பிலும், மக்கள் உணரும் பணவீக்கம் அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டைவிட வழக்கமாக அதிகமாகவே இருக்கிறது. வெங்காய விலை ஆட்சியையே ஆட்டும் என்ற பேச்சுக்கும் அடிப்படை இதுதான். 1998-இல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்வது வழக்கம். குடும்பச் செலவில் வெங்காயத்தின் பங்கு சிறிது. சமையலில் அன்றாடம் வேண்டியிருப்பதால் நினைவில் அதன் பங்கு பெரிது.

லாபம் நிற்கும், நட்டம் நழுவும்

நினைவு எல்லா அனுபவத்தையும் ஒரே தராசில் வைப்பதில்லை. தன்னைப் பற்றிய நல்லெண்ணத்தைக் காப்பாற்றும் வகையிலும் அது வேலை செய்கிறது. ஃப்ளோரியன் சிம்மர்மன் 2020-இல் வெளியிட்ட சோதனையில், அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கியதாக அறிவிக்கப்பட்டவர்கள் முதலில் தம்மைப் பற்றிய மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தச் செய்தியின் தாக்கம் பெருமளவு தேய்ந்திருந்தது. நல்ல செய்தி பெற்றவர்களிடம் அப்படித் தேயவில்லை. முதலீட்டாளர்கள் தாம் ஈட்டிய லாபத்தை உண்மையைவிட அதிகமாக நினைவுகூர்கிறார்கள் என்றும், அப்படி நினைவுகூர்பவர்களே மிகையான தன்னம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்றும் வால்டர்ஸ், ஃபெர்ன்பாக் இருவரும் 2021-இல் காட்டினார்கள்.

அதிர்ஷ்டத்தைத் திறமையாக நினைவில் ஏற்றிக்கொள்ளும் போக்குக்கு இந்தியப் பங்குச் சந்தை சிறந்த சோதனைக்களம் ஆனது. புதிய பங்கு வெளியீட்டுக்குச் சிறு முதலீட்டாளர்களிடமிருந்து அளவுக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தால், யாருக்குப் பங்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. பங்கு கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே திறமை வேறுபாடு எதுவும் இல்லை. அனகோல், பாலசுப்ரமணியம், ராமதுரை ஆகியோர் இக்குலுக்கல்களை ஆராய்ந்தபோது, லாபம் தந்த பங்கு கிடைத்தவர்கள் அடுத்தடுத்த வெளியீடுகளுக்கு அதிகமாக விண்ணப்பித்ததோடு, தொடர்பில்லாத மற்றப் பங்குகளையும் அதிகமாக வாங்கி விற்கத் தொடங்கினார்கள். குலுக்கலில் விழுந்த லாபம் எதிர்காலத்தைப் பற்றி எந்தச் செய்தியும் சொல்வதில்லை. ஆனால் அனுபவமாகப் பதிந்துவிட்ட பிறகு அது பாடமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

மறதியின் சுழற்சி

அனுபவம் நடத்தையை மாற்றுகிறது என்றால், அனுபவம் மங்கும்போது நடத்தை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வெள்ளக் காப்பீடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஜஸ்டின் கேலகர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெள்ளம் வந்த பகுதிகளில் மறு ஆண்டு காப்பீடு எடுப்போர் எண்ணிக்கை ஏறக்குறைய 9 சதவீதம் உயர்கிறது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, ஒன்பது ஆண்டுகளில் பழைய அளவுக்கே வந்துவிடுகிறது. வெள்ளம் வராவிட்டாலும், அதே தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்க்கும் அண்டைப் பகுதிகளிலும் சிறிய அளவில் உயர்வு காணப்பட்டது. ஆற்றின் குணம் இந்த ஒன்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை.

செக் நாட்டின் வில்டாவா ஆற்றங்கரைக் குடியிருப்புகளை ஒன்பது நூற்றாண்டுக் கால அளவில் ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வும் இதை ஒட்டியே செல்கிறது. பெருவெள்ளத்துக்குப் பிறகு மேட்டில் குடியேறியவர்களின் வழிவந்தோர், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குப் பின் மீண்டும் ஆற்றை ஒட்டிக் குடியேறினார்கள். நேரில் கண்டவர்கள் உயிரோடு இருந்து சொல்லும் வரைதான் எச்சரிக்கைக்கு வலு இருந்தது.

நிதிச் சந்தைகளிலும் இந்த மறதி உண்டு. இந்தியாவில் 1961 முதல் 1963 வரை அமெரிக்கத் தூதராக இருந்த பொருளியலாளர் ஜான் கென்னத் கால்பிரெய்த், 1990-இல் எழுதிய சிறு நூலில் நிதி நினைவின் ஆயுள் அதிகபட்சம் 20 ஆண்டுகள் என்று கணித்தார். முந்தைய சரிவில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஓய்வு பெற, புதியவர்கள் பொறுப்புக்கு வர, பழைய மோகம் புதுப் பெயரில் திரும்புகிறது என்பது அவர் வாதம். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 66 நாடுகளின் எட்டு நூற்றாண்டுக் கடன் நெருக்கடிகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட நூல், ‘இம்முறை நிலைமை வேறு’ என்ற நம்பிக்கை ஒவ்வொரு சரிவுக்கு முன்பும் தலைதூக்கியதைக் காட்டியது. சட்டங்களுக்கும் இந்த விதி பொருந்தும். பெருமந்தத்துக்குப் பின் 1933-இல் வணிக வங்கியையும் முதலீட்டு வங்கியையும் பிரித்து வைத்த அமெரிக்கச் சட்டப் பிரிவுகள், அந்தத் தலைமுறை மறைந்த பிறகு 1999-இல் நீக்கப்பட்டன.

கூட்டு நினைவும் அதன் தேர்வும்

தனிமனிதன் தன் குழுவின் துணையோடுதான் நினைவுகூர்கிறான் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மாரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-இல் வாதிட்டார். குடும்பப் பேச்சு, பாடப்புத்தகம், நாளிதழ், அரசியல் மேடை ஆகியவை வழியாக, நேரில் காணாத ஒன்றும் ‘நமக்கு நடந்தது’ ஆகிவிடுகிறது. அந்த வழியில் எது தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே கடந்த காலம் கொள்கையாக மாறுகிறது. ஜெர்மனி இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று.

முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை 20,000 கோடி மார்க்கைத் தாண்டியது. வாழ்நாள் சேமிப்பை வங்கியில் போட்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் அனைத்தையும் இழந்தன. அந்த மாதமே ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்து விலைவாசி அடங்கியது. ஆறேழு ஆண்டுகள் கழித்து வந்த நெருக்கடி இதற்கு நேர்மாறானது. 1930 முதல் 1932 வரை பிரதமராக இருந்த ஹைன்ரிக் ப்ரூனிங் அரசுச் செலவையும் சம்பளத்தையும் வெட்டினார், விலைகள் வீழ்ந்தன, 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 லட்சத்தைக் கடந்தது. நாஜிக் கட்சி 1928-இல் பெற்றது 2.6 சதவீத வாக்கு. 1932 ஜூலையில் 37 சதவீதத்துக்கு மேல். ஹிட்லரின் எழுச்சி விலைவீழ்ச்சியும் வேலையின்மையும் நிலவிய ஆண்டுகளில் நிகழ்ந்தது.

பொதுநினைவில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஹாஃபர்ட், ரெடெக்கர், ரோமெல் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பு ஆய்வு, இவை இருவேறு நெருக்கடிகள் என்பதைப் பல ஜெர்மானியர்கள் அறியவில்லை, இரண்டையும் ஒரே பேரழிவாகவே எண்ணுகிறார்கள் என்று காட்டியது. 1948-இன் நாணயச் சீர்திருத்தத்தில் சேமிப்பு மீண்டும் கரைந்தது இந்த அச்சத்தை வலுப்படுத்தியது. 1957-இல் உருவான ஜெர்மானிய மத்திய வங்கியின் கண்டிப்புக்கும், அரசுக் கடனுக்கு 2009-இல் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட வரம்புக்கும் மக்கள் ஆதரவு கிடைத்ததில் இந்த நினைவுக்குப் பங்கு உண்டு. பணவீக்கத்தின் பாடம் தங்கியது. சிக்கனத்தின் பாடம் மறைந்தது.

அர்ஜென்டினாவில் நினைவு வேறு வடிவம் எடுத்தது. 1989-இன் மிகைப் பணவீக்கத்தையும், 2001 டிசம்பரில் வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்க விதிக்கப்பட்ட தடையையும், அடுத்த மாதங்களில் டாலர் வைப்புகள் வலுக்கட்டாயமாகப் பெசோவாக மாற்றப்பட்டதையும் கண்ட மக்கள், சேமிப்பை டாலர் நோட்டுகளாக வங்கிக்கு வெளியே வைக்கப் பழகினார்கள். வீடு, மனை விலைகள் அங்கே டாலரில்தான் பேசப்படுகின்றன. ஒவ்வொருவரும் தன் பாதுகாப்புக்காகச் செய்யும் இந்தச் செயல் சேர்ந்து பெசோவை மேலும் வலுவிழக்கச் செய்கிறது. நினைவு இவ்வாறு தான் அஞ்சுவதைத் தானே வரவழைக்கவும் கூடும்.

நினைவு நிறுவனமாகும்போது

மனித நினைவு ஒரு தலைமுறையில் மங்கினாலும், அதை நிறுவனமாகவோ சட்டமாகவோ மாற்றிவிட்டால் நினைவில்லாதவர்களையும் அது காக்கும். சென்னையின் வரலாறு இதற்கு ஒரு சான்று தருகிறது. அர்பத்நாட் அண்ட் கோ என்ற ஆங்கிலேய வணிக, வங்கி நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று திவாலானது. அதன் பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த ஏராளமான மக்கள் சேமிப்பை இழந்தார்கள். நிறுவனத்தை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. சுதேசி உணர்வு ஓங்கிய அந்தச் சூழலில், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோர் முயற்சியாலும் செட்டிநாட்டு முதலீட்டாலும் இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று தொழில் தொடங்கியது. ஏமாந்த நினைவு, தமக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற முடிவாக மாற ஓராண்டுகூட ஆகவில்லை.

கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி 1960-இல் மூடப்பட்ட அதிர்ச்சி, வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962 ஜனவரி முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பீடு கிடைத்தது. அந்த வரம்பு 1993-இல் 1 லட்சமாகவும் 2020-இல் 5 லட்சமாகவும் உயர்ந்தது. இன்று வங்கியில் பணம் போடுபவர் பாலா வங்கியின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

பஞ்சத்தின் நினைவும் இவ்வாறே நிறுவனங்களாகியது. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்று பேசப்படும் 1876–78 பெரும் பஞ்சத்தில் தென்னிந்தியாவை மையமாகக் கொண்டு 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதன்பின் அமைந்த ஆணையம் 1880-இல் அளித்த அறிக்கையிலிருந்து பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் உருவாயின. 1943 வங்கப் பஞ்சத்தின் நினைவும், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த 1960-களின் நிலையும் சேர்ந்து இந்திய உணவுக் கழகத்தை உருவாக்கின; 1965-இல் தொடங்கிய அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1991-இல் அந்நியச் செலாவணி தீரும் நிலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்க நேர்ந்தது. அன்று முதல் கையிருப்பைப் பெருக்குவது எல்லா அரசுகளுக்கும் பொதுவான கொள்கையானது. 2021-இல் அது 60,000 கோடி டாலரைத் தாண்டியது. அதிகக் கையிருப்புக்குச் செலவும் உண்டு என்ற வாதம் எடுபடாமல் போவதற்கு, தங்கம் விமானம் ஏறிய நினைவு ஒரு காரணம்.

நினைவில்லாமல் தொடரும் கடந்த காலம்

கடந்த காலத்தின் தாக்கம் எல்லாவற்றையும் நினைவின் கணக்கில் எழுத முடியாது. அபிஜித் பானர்ஜி, லக்ஷ்மி ஐயர் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலேயர் ஜமீன்தாரிடம் வரி வசூலை ஒப்படைத்த மாவட்டங்கள், விடுதலைக்குப் பின்னரும் வேளாண் முதலீட்டிலும் விளைச்சலிலும் மற்ற மாவட்டங்களைவிடப் பின்தங்கியதைக் காட்டியது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலோ, உழவரிடமே நேரடியாக வரி வசூலிக்கும், தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைந்த ரயத்துவாரி முறை இருந்தது. பெரு நாட்டில் 1573 முதல் 1812 வரை சுரங்கத்துக்குக் கட்டாய ஆள் அனுப்பிய பகுதிகளில் குடும்ப நுகர்வு இன்றும் சுமார் கால் பங்கு குறைவு என்பதை மெலிசா டெல் 2010-இல் கண்டார். இங்கே நில உடைமையும் சாலைகளும் அதிகார அமைப்பும் கடந்த காலத்தைச் சுமந்து வருகின்றன. மக்களுக்கு அது நினைவிருக்கிறதா என்பது பொருட்டில்லை.

நினைவுக்கும் இத்தகைய அமைப்புகளுக்கும் நடுவில் நிற்பது நம்பிக்கை. ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்துக்கு அதிகமாக இரையான இனக்குழுக்களின் வழிவந்தோர், உறவினரையும் அயலாரையும் இன்றும் குறைவாகவே நம்புகிறார்கள் என்று நேத்தன் நன், லெனார்ட் வாண்ட்செக்கான் இருவரும் 2011-இல் காட்டினார்கள். நிகழ்ச்சி மறந்த பிறகும், ‘யாரையும் எளிதில் நம்பாதே’ என்ற வளர்ப்பு முறை தொடர்கிறது. அதாவது, கதை அழிந்து நீதி மட்டும் எஞ்சுகிறது.

தீராத விவாதங்கள்

இந்த ஆய்வுகள் மீது எழும் ஐயங்கள் மூன்று வகை. முதலாவது, அனுபவத்தையும் வயதையும் காலத்தையும் முற்றிலும் பிரிப்பது கடினம். பெருமந்தத்தைக் கண்டவர் பங்குகளை ஒதுக்குவது நினைவாலா, அப்போது இழந்த சொத்தாலா என்ற கேள்விக்குப் புள்ளியியல் முழு விடை தருவதில்லை. குலுக்கல் போன்ற இயற்கைச் சோதனைகள் மதிப்புப் பெறுவது இதனால்தான். இரண்டாவது, பழங்கால நிகழ்வை இன்றைய நிலையோடு இணைக்கும் ஆய்வுகளில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இயல்பாகவே ஒத்திருக்கும். இதனால் தற்செயலான பொருத்தமும் வலுவான முடிவாகத் தெரியக்கூடும் என்று மார்கன் கெல்லி 2019-இல் எச்சரித்தார். மூன்றாவது, அனுபவத்துக்குக் கூடுதல் எடை தருவது தவறுதானா என்பதே. உலகம் மாறிக்கொண்டிருக்கும்போது நூறாண்டுச் சராசரியைவிடத் தான் கண்ட இருபது ஆண்டுகளை நம்புவது அறிவுடைமையாகவும் இருக்கலாம். குலுக்கல் லாபத்தைப் பாடமாகக் கொள்வது, ஆறு மாறாதபோது காப்பீட்டைக் கைவிடுவது போன்ற இடங்களில் மட்டுமே பிழை ஐயமறத் தெரிகிறது.

இவற்றைத் தாண்டி நிற்கும் முடிவுகள் சில உண்டு. ஒரே செய்தி வெவ்வேறு தலைமுறையிடம் வெவ்வேறு விளைவைத் தரும். ஆகவே வட்டி விகித மாற்றமோ பணவீக்க இலக்கோ எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க இயலாது. அரிதாக வரும் ஆபத்துகளுக்கு எதிரான பாதுகாப்பைத் தனிமனித நினைவிடம் விடுவது பலன் தராது. பல ஆண்டுக்குச் சேர்த்து எடுக்கும் காப்பீடு, சட்ட வரம்பு, கட்டாயக் கையிருப்பு ஆகியவற்றுக்கே அங்கு வேலை. பொதுநினைவு ஒரு நெருக்கடியின் ஒரு பாதியை மட்டும் தக்கவைக்கும்போது, மறு பாதியை எடுத்துச் சொல்வது வரலாற்றாசிரியரின் வேலை என்பதோடு பொருளாதாரக் கொள்கையின் தேவையும் ஆகிறது. நெருக்கடியின் பாடங்களைச் சட்டமாக்க உகந்த காலம் அதை அடுத்த சில ஆண்டுகளே. வெள்ளக் காப்பீட்டின் கணக்குப்படி ஒன்பது ஆண்டும், கால்பிரெய்த்தின் கணிப்புப்படி இருபது ஆண்டும் கடந்துவிட்டால், அந்தப் பாடத்தை மீண்டும் பட்டுத்தான் கற்க வேண்டியிருக்கும்.